சாட்சிகள் இல்லாத தீர்ப்பு

பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் தலைவர் யார் என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாக ஒரே பதில் கிடைத்ததில்லை. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். விவகாரம் லண்டன் உயர் நீதிமன்றம்வரை போனது. குழுவில் வாசித்தவர்களே ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். ஒரே ஆள் வெவ்வேறு வருடங்களில் வெவ்வேறு விதமாகவும் சொன்னார். இன்று இதே கேள்வியைத் தேடுபொறியில் தட்டினால், இணைப்புகளுக்கெல்லாம் மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய ஒரு பத்தி வந்து நிற்கிறது. நாலைந்து வாக்கியங்கள். தயக்கமே இல்லாத நடை. படித்தவர் அதோடு திருப்தியாகி வேறு வேலைக்குப் போய்விடலாம்.

ராக் இசையின் வரலாற்றில் ஈடுபாடுள்ள எனக்கு அந்தப் பத்தி பெரும் கவலையைத் தருகிறது. அதில் தகவல் பிழை இருக்கக்கூடும் என்பது கவலையின் ஒரு பகுதிதான். எல்லாத் தகவலும் சரியாக இருந்தாலும் அந்தப் பத்தி ஒரு அநியாயத்தைச் செய்கிறது. யாருக்கு அநியாயம், எப்படி என்பதைச் சொல்ல இந்தக் குழுவின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

1965இல் லண்டனில் குழு உருவானபோது அதன் உயிர் சிட் பேரட். குழுவுக்குப் பெயர் வைத்தவர் அவர். பிங்க் ஆண்டர்சன், ஃப்ளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் பெயர்களை ஒட்டிச் செய்தது அது. 1967இல் வந்த முதல் ஆல்பத்தின் 11 பாடல்களில் எட்டு அவர் தனியாக எழுதியவை. அந்த வருடம் முடிவதற்குள் அவர் மனநிலை குலைந்தது. மேடையில் கிடாரைத் தொடாமல் நின்ற இரவுகள் உண்டு. பள்ளி நாட்களிலிருந்தே அவருக்கு நண்பரான டேவிட் கில்மரைத் துணைக்குச் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் ஒருநாள் சவுத்தாம்ப்டன் நிகழ்ச்சிக்குக் காரில் போகும்போது, பேரட்டை வழியில் ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று முடிவாயிற்று. தலைவரை நீக்கக் கூட்டமும் போடவில்லை, கடிதமும் எழுதவில்லை. கார் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் தலைவர் என்று யாரும் இல்லை. 1971இல் வந்த 23 நிமிட ‘எக்கோஸ்’ பாடல் நான்கு பேர் பெயரிலும் பதிவானது. ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன், கில்மர் ஆகிய நால்வரும் சேர்ந்து தேடிக் கண்டெடுத்த ஒலி அது. 1973இல் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ வந்தபோது அத்தனை பாடல் வரிகளும் வாட்டர்ஸ் எழுதியவை. இசையில்தான் மற்றவர்களுக்கும் பங்கு இருந்தது. 1979இன் ‘தி வால்’ இரட்டை ஆல்பத்தில் 26 தடங்கள். கில்மருக்கு எழுத்துரிமையில் பங்கு மூன்றில் மட்டும். 1983இன் ‘தி ஃபைனல் கட்’ முழுக்க வாட்டர்ஸ் எழுதியது. ரோஜர் வாட்டர்ஸின் படைப்பு, வாசித்தவர்கள் பிங்க் ஃப்ளாய்ட் என்ற பொருளில் அதன் உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். 1985இல் வாட்டர்ஸ் வெளியேறினார். தான் இல்லாத குழு படைப்பாற்றல் தீர்ந்துபோன குழு, அந்தப் பெயரை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 1986இல் நீதிமன்றம் போனார். கில்மரும் மேசனும் மறுத்தார்கள். 1987 டிசம்பரில், தேம்ஸ் நதியில் நிற்கும் கில்மரின் ‘அஸ்டோரியா’ படகில் சமரசம் கையெழுத்தானது. பெயர் அவர்களுக்கு, ‘தி வால்’ வாட்டர்ஸுக்கு.

நம் ஊர்ப் பங்காளிச் சண்டையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சொத்து ஒன்று, அதைச் சேர்த்தவர் யார் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. பாகப் பிரிவினைப் பத்திரத்தில் யாருக்கு எது போனது என்று இருக்குமே தவிர, யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று இருக்காது.

இந்தக் கதையில் நான்காவது மனிதர் ஒருவர் இருக்கிறார். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட். ‘தி வால்’ பதிவானபோது குழு பணநெருக்கடியில் இருந்தது. நம்பிப் போட்ட முதலீடுகளில் பெரும் தொகை போயிருந்தது. பிரிட்டனின் வரியிலிருந்து தப்பப் பிரான்சுக்குப் போய் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் ஆல்பத்தைக் கொடுத்தால் கூடுதல் பங்கு தருவதாக வெளியீட்டு நிறுவனம் சொன்னது. கிரேக்கத்தில் குடும்பத்தோடு விடுமுறையில் இருந்த ரைட்டை, விடுமுறையைச் சுருக்கிக்கொண்டு வாசிக்க வரும்படி அழைத்தார்கள். அவர் மறுத்தார். அவரைக் குழுவிலிருந்து நீக்கச் சொன்னார் வாட்டர்ஸ்.

ரைட் வெகுநாட்களாக எதுவும் பங்களிக்கவில்லை என்பது வாட்டர்ஸ் சொன்ன காரணம். தனக்கு இடமே கொடுக்கப்படவில்லை, போகாவிட்டால் ஆல்பத்தையே முடக்கிவிடுவதாக மிரட்டல் வந்தது என்பது ரைட் சொன்னது. நீக்கத்தை அப்போது வெளியில் அறிவிக்கவில்லை. அடுத்து வந்த ‘தி வால்’ மேடை நிகழ்ச்சிகளில் அதே ரைட் சம்பளத்துக்கு வாசித்தார். மேடையில் பெரும் சுவரைக் கட்டி இடித்த அந்த நிகழ்ச்சிகளின் செலவு எகிறியது. பங்குதாரர்களாக இருந்த மூவருக்கும் நஷ்டம். சம்பளக்காரரான ரைட்டுக்கு மட்டும் பணம் நின்றது. அடுத்த ஆல்பத்தில் அவர் பெயர் இல்லை.

2008இல் ரைட் இறந்தபோது கில்மர் ஓர் அஞ்சலிக் குறிப்பு வெளியிட்டார். பிங்க் ஃப்ளாய்ட் என்றால் யார், எது என்ற வாக்குவாதங்களின் இரைச்சலில் ரைட்டின் பெரும் பங்களிப்பு அடிக்கடி மறக்கப்பட்டது என்று அதில் சொன்னார். அவர் மென்மையானவர், தன்னை முன்னிறுத்தாதவர் என்றும் சொன்னார். அந்த வாக்குவாதத்தில் ஒரு தரப்பாக நின்றவரே சொன்னது இது. ஏஐ தேடலைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குறிப்புதான் நினைவுக்கு வருகிறது.

தலைமைச் சண்டைக்குப் பின்னால் அகந்தை இருக்கிறது என்பது எல்லோரும் சொல்வது. அகந்தையை ஊட்டி வளர்க்கும் ஓர் ஏற்பாடும் இருக்கிறது. ஒரு பாடலிலிருந்து வரும் பணம் இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒலிப்பதிவுக்கான பங்கு குழு உறுப்பினர்களுக்கெல்லாம் போகும். எழுத்துரிமைப் பங்கு எழுதியவராகப் பெயர் பதிவானவருக்கு மட்டும்தான். நான்கு பேர் அறையில் உட்கார்ந்து வாசித்து வாசித்து உருவாக்கிய பாட்டில், உறையில் ஒருவர் பெயர் இருந்தால் ஒருவருக்குத்தான் காலமெல்லாம் பணம். இன்னொரு குழுவிலும் இதைப் பார்க்கலாம். ரோலிங் ஸ்டோன்ஸைத் தொடங்கியவர் பிரையன் ஜோன்ஸ்; 1962இல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தவர் அவர்தான். மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டம், குழுவிலிருந்த ஜாகரையும் ரிச்சர்ட்ஸையும் சொந்தமாகப் பாட்டெழுதும்படி நெருக்கிய நாளிலிருந்து தலைமை அவர்கள் பக்கம் சாய்ந்தது. ஜோன்ஸ் எத்தனை வாத்தியம் வாசித்தும் அந்தச் சாய்வை நிமிர்த்த முடியவில்லை.

ஆகவே ஆல்பத்தின் உறையில் இருக்கும் பெயர்ப் பட்டியலை உண்மையின் நகலாக எடுத்துக்கொள்ள முடியாது. பேரத்திலும் பெருந்தன்மையிலும் சோர்விலும் பிறந்த ஆவணம் அது. ‘டார்க் சைட்’ ஆல்பத்தின் முதல் தடமான ‘ஸ்பீக் டு மீ’ இதயத் துடிப்பு, கடிகாரங்கள், கல்லாப்பெட்டி, சிரிப்பு எல்லாம் கலந்து சுமார் ஒரு நிமிடம் ஓடும் ஒலிக்கோவை. அந்த இதயத் துடிப்பு, டிரம் ஒலியைப் பதப்படுத்திச் செய்தது. உறையில் இது டிரம்மர் நிக் மேசன் ஒருவரின் ஆக்கம். அது மேசனுக்குத் தான் கொடுத்த பரிசு என்று வாட்டர்ஸ் பிற்காலத்தில் சொன்னார். துண்டுகளை ஒட்டிச் சேர்த்தது மேசன்தான் என்பது மறுதரப்பு. ஒரு நிமிட ஒலிக்கே இரண்டு வரலாறுகள்.

அதே ஆல்பத்தில் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ இருக்கிறது. ரைட்டின் பியானோவின் மேல் வார்த்தைகளே இல்லாமல் ஒரு பெண் குரல் ஏறி, கதறி, அடங்கும். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிறு மாலை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் அழைத்து அபே ரோடு ஸ்டுடியோவுக்கு வந்தவர் க்ளேர் டோரி, இருபத்தைந்து வயது ஸ்டுடியோப் பாடகி. பாடலுக்கு வரிகள் இல்லை. மெட்டும் எழுதித் தரப்படவில்லை. மரணத்தைப் பற்றியது என்று மட்டும் சொன்னார்கள். முதலில் சொற்களை வைத்துப் பாடிப் பார்த்தார்; அது வேண்டாம் என்றார்கள். தன் குரலையே ஒரு வாத்தியமாக எண்ணிக்கொண்டு பாடினார். கூலி 30 பவுண்டு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டிப்பு விகிதம். தன் பாட்டைப் பயன்படுத்த மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஆல்பம் கடைக்கு வந்த பிறகுதான் உறையில் தன் பெயரைப் பார்த்தார். ஆனால் ‘குரல்’ என்ற இடத்தில்தான் பெயர் இருந்தது. ‘ஆக்கம்’ என்ற இடத்தில் ரைட் மட்டும் இருந்தார். பாடலில் டோரி பாடிய ஒவ்வொரு ஸ்வரமும் அவரே கண்டது. 2004இல் வழக்குப் போட்டார். 2005இல் சமரசம் ஆனது. அதன்பின் வந்த பதிப்புகளில் ரைட், டோரி இருவர் பெயரும் இருக்கின்றன. அதற்கு 32 வருடங்கள் ஆயின.

இந்த 32 வருடங்களில் அச்சான புத்தகங்களும் விமர்சனங்களும் பேட்டிகளும் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றில் அந்தப் பாடல் ரைட்டுடையது. எண்ணிக்கையால் முடிவு செய்தால் க்ளேர் டோரி தோற்றுவிடுவார்.

ஏஐ தேடல் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த இடத்தில் பார்க்க வேண்டும். கேள்வி வந்ததும் அது சில பக்கங்களை எடுக்கிறது. அவற்றின் துண்டுகளை ஒரு மொழி மாதிரியிடம் கொடுக்கிறது. அந்த மாதிரி, மலைபோல் குவிந்த எழுத்தைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பதிகம் என்று பழகியது. கிடைத்த துண்டுகளையும் பழகிய ஓட்டத்தையும் சேர்த்து ஒரு பத்தியாக நெய்துவிடுகிறது. நீதிமன்ற ஆவணம், ரசிகரின் ஆவேசம், கோபத்தில் கொடுத்த பேட்டி, வயதான பின் கொடுத்த நிதானமான பேட்டி எல்லாம் ஒரே குரலில் வெளிவருகின்றன.

2024 மே மாதம் கூகுள் இந்த வசதியை அமெரிக்காவில் பரவலாகத் திறந்தபோது நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பீட்சாவில் சீஸ் வழுக்காமலிருக்கச் சாஸில் பசை கலக்கச் சொன்னது. அதற்குப் பதினோரு வருடங்களுக்கு முன் ஒருவர் ரெட்டிட்டில் கிண்டலாக எழுதியதை அது யோசனையாக எடுத்துக்கொண்டிருந்தது. தினம் ஒரு சிறு கல்லாவது சாப்பிடலாம் என்றது. அதன் மூலம் ‘தி ஆனியன்’ என்ற நையாண்டிப் பத்திரிகை. சொன்னவர் யார், எந்தத் தொனியில் சொன்னார் என்பதைக் கழற்றிவிட்டால் நகைச்சுவையும் மருத்துவ ஆலோசனையும் ஒன்றாகிவிடும். இந்தத் தவறுகள் உலகம் முழுக்கப் பேசப்பட்டன, திருத்தவும் பட்டன. கல்லைத் தின்னச் சொன்னால் யாருக்கும் தவறு என்று தெரியும்.

ரைட் ஏன் நீக்கப்பட்டார் என்ற கேள்விக்குத் தவறான பதில் வந்தால் யாருக்குத் தெரியும்? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டோ மையம் 2025 மார்ச்சில் எட்டு ஏஐ தேடல் கருவிகளைச் சோதித்தது. செய்திகளிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து, இது எந்தப் பத்திரிகையில், எந்தத் தேதியில், எந்தத் தலைப்பில் வந்தது என்று கேட்டார்கள். கேட்டது இவ்வளவுதான்: இதைச் சொன்னது யார், எப்போது. அறுபது சதவீதத்துக்கும் மேலான பதில்கள் தவறு. சாட்ஜிபிடியின் 200 பதில்களில் 134 தவறு. தனக்கு உறுதியில்லை என்று அது குறிப்புக் காட்டியது 15 தடவைதான். கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, இந்த எண்களும் மாறும். ஆனால் எந்த இடத்தில் அவை சறுக்கின என்பது முக்கியம். செய்தியின் உள்ளடக்கம் கையிலேயே இருந்தும் அதன் பிறப்பிடத்தைத் தவறவிட்டன.

குழு வரலாற்றில் பிறப்பிடம்தான் பாதி உண்மை. “வாட்டர்ஸ் வெளியேறியபின் பிங்க் ஃப்ளாய்ட் வெறும் பெயராகிவிட்டது” என்ற வாக்கியத்தை வாட்டர்ஸ் 1986இல் சொன்னால் அது வழக்கின் வாதம். ஒரு விமர்சகர் 1994இல் சொன்னால் அது ரசனை. பெயரில்லாத ஒரு பத்தி சொன்னால் அது வரலாறு ஆகிவிடுகிறது. கேள்வியின் சாய்வும் இதில் சேர்கிறது. வாட்டர்ஸ் எப்படிக் குழுவை வழிநடத்தினார் என்று கேட்பவருக்கு அவரைத் தலைவராக்கிய பதிலும், கில்மர் எப்படிக் குழுவைக் காப்பாற்றினார் என்று கேட்பவருக்குக் காப்பாற்றியவரின் கதையும் கிடைக்க வழியிருக்கிறது. இரண்டு பேரும் தங்கள் கட்சி வென்றதாக நினைத்துக்கொள்வார்கள்.

ரைட்டைப் பற்றி யாரும் சாய்வோடு கேட்பதில்லை. அவரைப் பற்றிக் கேட்பவர்களே குறைவு. அநியாயம் யாருக்கு என்று முதலில் விட்டுவைத்த கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. வாட்டர்ஸ் பேசுவதில் வல்லவர். பேட்டிகள் குவிந்து கிடக்கின்றன. கில்மர் குறைவாகப் பேசினாலும் பெயர் அவரிடம் இருந்தது. அந்தப் பெயரோடு உலகம் சுற்றினார், ஆகவே அவர் தரப்பும் அச்சேறியது. ரைட் அதிகம் பேசாதவர். பேரட் 1970களிலேயே பேச்சை நிறுத்திக் கேம்பிரிட்ஜில் தாயார் வீட்டுக்குத் திரும்பியவர். 2006இல் இறக்கும்வரை பத்திரிகைகளுக்கு முகம் கொடுக்கவில்லை. டோரி ஒரு மாலை வந்து பாடிவிட்டுப் போனவர். அதிகம் பேசியவர்களின் எழுத்து அதிகம். எழுத்து அதிகமாக இருக்கும் பக்கம் இயந்திரம் சாய்கிறது. ஆகவே குழுவுக்குள் குரல் ஓங்கியவர்கள் ஒருமுறை வென்றார்கள், இப்போது பதில் பத்தியில் மறுபடி வெல்கிறார்கள். மௌனமாக இருந்தவர்கள் இரண்டாம் முறையும் வெளியேற்றப்படுகிறார்கள்.

பழைய தேடலும் நியாயமானதாக இருந்ததில்லைதான். அதிகம் பேசப்பட்டதே அங்கும் மேலே வந்தது. ஆனாலும் பத்து இணைப்புகள் பத்துத் தனித்தனி ஆட்களாகத் தெரிந்தன. இது ரசிகர் எழுதியது, இது பேட்டி, இது நிக் மேசனின் நினைவுக் குறிப்பு நூலைப் பற்றியது என்று படிப்பவர் பிரித்துக்கொள்ள முடிந்தது. முரண்பாடு கண்ணுக்குத் தெரிந்தது. முரண்பாட்டைப் பார்த்த வாசகர் ஒரு கணமாவது யோசிப்பார். இணைப்புகள் இப்போதும் ஓரமாகக் கொடுக்கப்படுகின்றன. பதில் கைக்கு வந்தபின் அவற்றைத் திறப்பதற்கான காரணம் போய்விடுகிறது.

வரலாற்றை யார் எழுதுவது என்பதில் சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் மோதுகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 1977இன் ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தை 2018இலேயே புதிதாகக் கலவை செய்து வைத்திருந்தார்கள்; 2022இல்தான் வெளிவந்தது. நடுவில் தடையாக நின்றது இசை கிடையாது. உறைக்குள் வைப்பதற்காக இசைப் பத்திரிகையாளர் மார்க் பிளேக் எழுதிய குறிப்புக் கட்டுரை. அதை நீக்கினால்தான் வெளியிடச் சம்மதிப்பேன் என்று கில்மர் சொன்னதாக 2021இல் வாட்டர்ஸ் அறிவித்தார். ஆல்பம் தாமதிக்க வேண்டாம் என்று தான் இணங்கியதாகவும் சொல்லி, அந்தக் கட்டுரையைத் தானே வெளியிட்டார். அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த இரண்டு மனிதர்கள், நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு ஆல்பத்தில் யார் என்ன செய்தார்கள் என்ற சில பக்கங்களுக்காக மோதி நின்றார்கள். இதை அற்பமான சண்டையாக நான் நினைக்கவில்லை. தாங்கள் செய்த வேலை எப்படி நினைவில் நிற்கும் என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. இயந்திரம் படிக்கப்போகும் எழுத்து இப்படிப் போராடி உண்டாவது. போராட்டத்தைத் துடைத்துவிட்டு எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் கிடைப்பது வரலாறு ஆகாது.

இந்தக் கருவிகளை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு ஆல்பம் எந்த வருடம் வந்தது, ஒரு பாடல் எத்தனை நிமிடம் என்பதைச் சரிபார்த்துக்கொள்ள வழியிருக்கும் வரை அவை உதவும். தகராறு உள்ள விஷயத்தில் அவை தீர்ப்புச் சொல்லக் கூடாது. சாட்சிகளை வரிசையாக நிறுத்த வேண்டும். இதை வாட்டர்ஸ் இந்த வருடத்தில் சொன்னார், ரைட் இதை மறுத்தார், பாடலின் எழுத்துரிமை இந்த வருடத்தில் மாறியது என்று பிரித்துக்காட்டும்படி அவற்றை வடிவமைப்பது முடியாத காரியமல்ல. செய்யும்வரை அந்தப் பொறுப்பு படிப்பவர் தலையில்தான். ஒரு பதிலைப் படித்ததும் இதைச் சொன்னது யார், எப்போது, அவருக்கு இதில் என்ன லாபம், இதில் பேசாமல் விடப்பட்டவர் யார் என்று நான்கு கேள்விகளையாவது கேட்டாக வேண்டும். கடைசிக் கேள்விதான் மிகவும் தேவை.

2013இல் பிபிசி பேட்டியொன்றில், அன்று வழக்குப் போட்டது தவறு என்று வாட்டர்ஸ் ஒப்புக்கொண்டார். அதற்கு 27 வருடங்களுக்கு முன் அத்தனை உறுதியோடு நீதிமன்றத்தில் நின்றவர் அவர். அப்படி மாற்றிச் சொல்வது அவரால் முடிந்தது, ஏனென்றால் முதலில் சொன்ன சொல்லும் அவருடையது. அதற்கு அவர் பெயர் இருந்தது, தேதி இருந்தது, அதனால் பட்ட பாடும் இருந்தது. பதில் பத்திக்கு இவை எதுவும் இல்லை. நேற்றுச் சொன்னதை இன்று மாற்றினாலும், மாற்றியது யாரென்று கேட்க ஆள் கிடையாது. தவறாகப் பேசிய மனிதரிடம் நாம் வாதாடலாம், காத்திருக்கலாம், ஒருநாள் அவரே திருத்துவார் என்று நம்பலாம். ரிச்சர்ட் ரைட்டின் பங்கைப் பற்றி இனி எழுதப்படும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அப்படிப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதே என் கோரிக்கை.